புலால் மறுத்தலும் உடல்நலமும்: பயன் அறத்துக்குச் சான்றாகுமா?

தமிழரிடையே, சிறப்பாக யாழ்ப்பாணத்துச் சைவரிடையே, 'சைவம்' என்னுஞ் சொல் இரு பொருளில் வழங்கி வருகின்றது. ஒன்று சமயத்தின் பெயர். மற்றது உணவின் பெயர். மச்சம் விலக்கிய வீட்டைச் சைவ வீடென்றும், மரக்கறிச் சாப்பாடு மாத்திரம் கிடைக்குங் கடையைச் சைவக் கடையென்றுங் கூறும் வழக்கு இன்றும் உண்டு. உணவைத் தெரிந்துகொள்ளல் வயிற்றின் அலுவல் மாத்திரமன்று, வாழ்க்கை நெறியொன்றை ஏற்றுக்கொள்ளலுமாகும் என்ற கருத்து இவ்வழக்கினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. புலால் உண்ணல் தகுமா என்ற வினா இம்மக்களிடையே நெடுங்காலமாக அறத்தைப் பற்றிய வினாவாகவே இருந்து வந்தது. திருக்குறள் புலான்மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தது. ஆறுமுக நாவலர் (1822 - 1879) தமது நான்காம் பாலபாடத்திற் புலாலுண்ணலைக் கொலை, களவு முதலியவற்றோடு சேர்த்து வைத்துப் பள்ளிச் சிறாருக்கு எடுத்துரைத்தார்.

இன்று அவ்வினா வேறொரு வடிவம் பெற்றுள்ளது. புலால் உண்ணல் தகுமா என்று கேட்டோரின் வழித்தோன்றல்கள், மரக்கறி மாத்திரம் உண்டால் உடல் மெலியுமா, நீரிழிவு தணியுமா, மனம் தெளியுமா என்று கேட்கின்றனர். முன்னைய வினா பிறிதோர் உயிரைப் பற்றியது. பின்னையது கேட்பவனின் உடலைப் பற்றியது. உடலைப் பேணுதல் இழிவான நோக்கமன்று. ஆதலின் பின்னைய வினாவை எள்ளி ஒதுக்குதல் முறையாகாது. ஆயினும் இரண்டுக்கும் இடையேயுள்ள உறவு தெளிவுபடுத்தப்படல் வேண்டும். மரக்கறி உணவு உடலுக்கு நன்று என்று நிறுவப்பட்டால் அதனாற் புலால் மறுத்தல் அறமென்பதும் நிறுவப்பட்டதாகுமா? அன்றி, உடலுக்கு அதனாற் பெரும்பயன் இல்லை என்று காணப்பட்டால், புலால் மறுத்தலுக்குரிய அறக் காரணமும் வலுவிழந்துவிடுமா? இவையே ஈண்டு ஆராயப்படுவன.

முதலில் உடலைப் பற்றிய வினாவை நோக்குதல் பொருந்தும். உடலின் நிறை கூடுவதும் குறைவதும் உட்கொள்ளப்படுஞ் சக்திக்கும் செலவிடப்படுஞ் சக்திக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பொறுத்தன. ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கிலோகலோரியையும், ஒரு கிராம் புரதமோ காபோவைதரேற்றோ ஏறத்தாழ 4 கிலோகலோரியையும் தருகின்றன. கீரை, காய், பழம், பயறு ஆகியவற்றில் நீரும் நார்ப்பொருளும் மிகுதி. ஆகவே இவற்றை வயிறு நிறைய உண்டபோதும் உட்செல்லுஞ் சக்தி ஒப்பீட்டளவிற் குறைவாகவே இருக்கும். மரக்கறி உணவு உடற்பருமனைக் குறைக்கும் என்பதற்கு விஞ்ஞானங் காட்டும் முதன்மைக் காரணம் இவ்வளவு எளிமையானதே. இதில் மறைபொருள் எதுவுமில்லை.

மக்கட் கூட்டங்களை அவதானித்த ஆய்வுகள் இதற்கு இயைபாகவே உள்ளன. வட அமெரிக்காவில் ஏழாம்நாள் அட்வென்ரிஸ்ற் திருச்சபையைச் சேர்ந்த ஏறத்தாழ 60,000 பேரை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, இறைச்சி, மீன், பால், முட்டை அனைத்தையும் விலக்கியோரின் சராசரி உடற்றிணிவுச் சுட்டெண் 23.6, பாலும் முட்டையும் உண்டோருக்கு அது 25.7, புலால் விலக்காதோருக்கு 28.8. நீரிழிவு முன்னவருள் 2.9 வீதமானோருக்கும் இறுதியாகக் கூறப்பட்டோருள் 7.6 வீதமானோருக்குங் காணப்பட்டது. அவதானிப்போடு நில்லாது பரிசோதனை செய்தும் பார்க்கப்பட்டுள்ளது. 12 பரிசோதனைகளில் அடங்கிய 1,151 பேரின் விபரங்களைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, மரக்கறி உணவுக்கு மாற்றப்பட்டோர் ஏனையோரிலும் சராசரியாக 2 கிலோகிராம் மட்டிற் கூடுதலாக நிறை குறைந்தனர் எனக் கண்டது. இப்பரிசோதனைகளின் இடைநிலைக் காலம் 18 வாரங்களாகும். பயன் உண்மையானது, ஆனால் அது அளவானது.

இம்முடிவுகளை ஏற்குமிடத்து அவற்றின் எல்லைகளையும் ஏற்றல் வேண்டும். அட்வென்ரிஸ்ற் திருச்சபையினர் புகையிலையையும் மதுவையும் விலக்கி வாழுமாறு போதிக்கப்பட்டவர்கள். அவர்களுள்ளும் புலால் விலக்குமளவுக்குக் கட்டுப்பாடுடையோர் பிறவற்றிலும் கட்டுப்பாடுடையோராக இருத்தல் கூடும். எது உணவின் விளைவு, எது ஒழுக்கத்தின் விளைவு என்று பிரித்தறிதல் எளிதன்று. மேலும், நன்மை ஒரு முகமாகவே அமைவதுமில்லை. இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவுகளில், மரக்கறி உண்போருக்கு இருதயக் குருதிக்குழாய் நோய் 22 வீதங் குறைவாகவும், பாரிசவாதம் 20 வீதங் கூடுதலாகவுங் காணப்பட்டன. அதே கூட்டத்தினரை ஆராய்ந்து 2020இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வில், பால், முட்டை உட்பட விலங்குணவு அனைத்தையும் விலக்கியோருக்கு எலும்பு முறிவு 43 வீதங் கூடுதலாகக் காணப்பட்டது. விற்றமின் பீ12 தாவர உணவில் நம்பத்தக்க அளவிற் கிடைப்பதில்லை. பாலும் முட்டையும் விலக்குவோர் அதனை வேறு வழியிற் பெற்றேயாக வேண்டும்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. மரக்கறி என்னும் பெயர் உணவில் எது இல்லை என்பதைக் கூறுகின்றதேயன்றி எது உண்டு என்பதைக் கூறவில்லை. தீட்டிய அரிசிச் சோறு, தேங்காய்ப்பாலில் வற்றிய கறி, பொரித்த மிளகாய், அப்பளம், உழுந்து வடை, சீனி மிதமிஞ்சிய பாயாசம் ஆகிய அனைத்தும் ஐயத்துக்கிடமற்ற சைவமே. கந்தசட்டி விரதகாலத்திற் பகல் முழுதும் பட்டினி கிடந்து பாறணையன்று அளவின்றி உண்பவனின் இலையில் மச்சம் ஒரு துண்டேனும் இராது; எனினும் அவ்விலை உடல் மெலிவதற்கு உதவுவதன்று. தாவர உணவு எல்லாம் ஒரு தரத்தனவல்ல என்பதை அமெரிக்க மருத்துவத் துறையினரிடையே நடாத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வொன்றும் காட்டியது. முழுத்தானியம், பழம், காய், பருப்பு வகைகளை மிகுதியாகக் கொண்ட தாவர உணவு இருதய நோயின் குறைவோடும், சீனி, இனிப்புப் பானம், தீட்டிய மா ஆகியவற்றை மிகுதியாகக் கொண்ட தாவர உணவு அந்நோயின் அதிகரிப்போடும் தொடர்புற்றிருந்தன. முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுமாறு வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறியுள்ளார். அவ்வறிவுரை உணவு வகையைப் பற்றியதன்று, அளவைப் பற்றியது. அதனைப் புலான்மறுத்தல் அதிகாரத்துக்குள் அவர் புகுத்தவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

ஆகவே, நன்கு தெரிந்தெடுக்கப்பட்ட மரக்கறி உணவு உடற்பருமன் குறைதற்கு ஓரளவு உதவும். வேறு சில நோய்களைத் தடுப்பதற்கும் உதவும். சில குறைபாடுகளை நிரப்பும் விழிப்பையும் வேண்டி நிற்கும் என்று கூறுவதே நேர்மையான விடையாகும். இவ்விடையைக் கொண்டு அறத்தைப் பற்றிய வினாவுக்குச் செல்லலாம்.

ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1785ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் ஒரு கடைக்காரனை எடுத்துக்காட்டாகக் கூறுவர். அவன் சிறுவர் வந்து கேட்பினும் கூடிய விலை கூறுவதில்லை. ஆனால் அவனது நேர்மைக்குக் காரணம், நேர்மையாக இருத்தல் வியாபாரத்துக்கு நன்று என்ற கணக்கேயாயின், அவன் செயல் கடமைக்கு இயைந்ததாயிருக்குமேயன்றிக் கடமையின்பாற் பிறந்ததாகாது. இலாபமும் நேர்மையும் பிரியும் நாளிலேதான் அவன் யாரென்பது வெளிப்படும். இடையளவைக் குறைக்கும் பொருட்டு ஆட்டிறைச்சியை விலக்கியவன் நிலையும் இத்தகையதே. அவன் விலக்கியது ஆட்டையன்று, கொழுப்பை. நிறை குறைந்தபின், அல்லது குறையாதென அறிந்தபின், அவனைத் தடுத்து நிறுத்துவதற்கு எதுவுமில்லை.

இதனை வெறுங் கற்பனை வாதமெனத் தள்ளிவிட முடியாது. மோகன்தாஸ் காந்தியின் வாழ்க்கை இதற்குச் சான்று பகர்கின்றது. இளமையில் அவர் நண்பனொருவனின் தூண்டுதலால் மறைவாக இறைச்சி உண்டார். ஆங்கிலேயரின் வலிமைக்கு இறைச்சியே காரணம், அதனை உண்டு வலிமை பெற்றால் நாட்டை விடுவிக்கலாம் என்று அக்காலத்திற் பரவியிருந்த எண்ணமே அதற்குக் காரணம். முதன்முறை உண்ட இரவில், வயிற்றினுள் ஓர் ஆடு உயிரோடு கதறுவதுபோல் உணர்ந்ததாகத் தமது சுயசரிதையில் அவர் எழுதியுள்ளார். 1888இல் இலண்டன் சென்றபோது தாய்க்குக் கொடுத்த வாக்கே அவரைப் புலாலினின்றுந் தடுத்தது. அங்கு மரக்கறி உணவுச்சாலையொன்றில் ஹென்றி சோல்ற் எழுதிய நூலை வாங்கிப் படித்த பின்னரே, வாக்குறுதிக்காக விலக்கியதைத் தம் விருப்பாகவே விலக்கத் தொடங்கினார். 1931 நவம்பரில் இலண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தில் உரையாற்றியபோது, உடல்நலங் கருதி மாத்திரம் புலால் விலக்கியோர் பலர் பின்னர் மீண்டும் அதற்குத் திரும்பியதைத் தாம் கண்டதாகவும், ஒழுக்க அடிப்படையின்றி அந்நெறி நிலைக்காதென்றும் அவர் எடுத்துரைத்தார். உணவையும் நோயையுமன்றி வேறெதையும் பேசாதிருத்தல் அச்சங்கத்தார்க்குத் தகாது என்று கண்டிக்கவும் அவர் தயங்கவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. உடலின் பயனே காரணமாயின், அக்காரணம் இரு திசையிலுஞ் செல்லக்கூடியது. ஒரு காலத்தில் வலிமை வேண்டி இறைச்சி உண்ணுமாறு தூண்டிய அதே தருக்கமே, பிறிதொரு காலத்தில் மெலிவு வேண்டி இறைச்சியை விலக்குமாறு தூண்டுகின்றது. வேண்டப்படும் உடலின் வடிவம் மாறியதே தவிர, விலங்கின் நிலை மாறவில்லை; அது இரண்டு கணக்கிலும் இடம்பெறவேயில்லை.

இதற்குப் பயன்வழிக் கொள்கையாளர் எழுப்பக்கூடிய தடையொன்றுண்டு. ஜெரமி பெந்தம் 1789இல், விலங்குகள் சிந்திக்க வல்லனவா, பேச வல்லனவா என்பதன்று, துன்புற வல்லனவா என்பதே வினா எனக் காட்டினார். பீற்றர் சிங்கர் 1975இல் வெளியிட்ட விலங்கு விடுதலை பற்றிய நூலில் அதனை விரிவாக வளர்த்தார். துன்பமே அளவுகோலாயின், விலக்குபவனின் நோக்கம் எதுவாயிருந்தாலென்ன? காருணியத்தால் விடப்பட்ட ஆடும், கொலஸ்ரரோலுக்கு அஞ்சி விடப்பட்ட ஆடும் ஒருங்கே உயிர் பிழைக்கின்றன. உண்ணும் பொருட்டு வாங்குவோர் இலராயின் விற்கும் பொருட்டுக் கொல்வோரும் இலர் என்ற கருத்தைத் திருவள்ளுவரும் கூறியுள்ளாரன்றோ? வாங்காமைக்குரிய காரணத்தை அவர் அவ்விடத்தில் வினவவில்லை.

இத்தடை வலிமையுடையது, எனினும் அது தன் அளவுகோலாலேயே தளர்கின்றது. உடல்நலங் கருதும் அறிவுரை விலங்குகள் அனைத்தையும் ஒரு தன்மையாக விடுவிப்பதில்லை. உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல், பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதென்றும், மாடு, ஆடு முதலியவற்றின் செவ்விறைச்சி அதனை விளைவிக்கும் வாய்ப்புடையதென்றும் வகைப்படுத்தியது. இதனைக் கேட்டு அஞ்சியவன் மரக்கறிக்கே திரும்புவான் என்பதற்கு உறுதியில்லை. கோழிக்கும் மீனுக்குந் திரும்புதலே அவனுக்கு எளிது. ஒரு மாடு தரும் இறைச்சிக்கு ஈடுசெய்ய நூற்றுக்கு மேற்பட்ட கோழிகள் கொல்லப்படல் வேண்டும். உடலுக்கு நன்மை கூடியவிடத்தில் உயிரிழப்புங் கூடிவிடுகின்றது. ஆகவே, தன்னலமும் காருணியமும் சில இடங்களில் ஒரே வழியிற் செல்லினும் அவை ஒரே வழிகாட்டிகளல்ல. பயணத்தின் நடுவிற் பிரியக்கூடிய துணையை நம்பிப் புறப்படல் அறிவுடைமையாகாது.

நோக்கமே முதன்மையானது என்று கொண்டால் வேறொரு சிக்கல் எழுகின்றது. தேவதத்தன் மீனும் இறைச்சியும் பிக்குகளுக்கு முற்றாக விலக்கப்படல் வேண்டுமெனக் கோரியபோது புத்தர் அதனை விதியாக்க மறுத்தார் என விநயபிடகங் கூறும். தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இடப்பட்ட பிச்சையைப் பிக்கு ஏற்கலாம் என்பதே அவர் வகுத்த நெறி. வாங்குபவனையுங் கொலையிற் பங்காளியாக்கும் வள்ளுவர் கருத்துக்கும் இதற்கும் வேறுபாடுண்டு. ஆனால் பிச்சையேற்பவன் தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுப்பவனல்லன். சந்தையில் விலை பேசி வாங்குபவனோ தெரிந்தெடுப்பவன். எனவே பிச்சைப் பாத்திரத்துக்கு வகுத்த நெறியைச் சந்தைக் கூடைக்குச் சான்றாக்க முடியாது. தெரிந்தெடுக்கும் ஆற்றல் எங்குண்டோ அங்கேதான் பொறுப்பும் உண்டு.

நல்வாழ்வு என்னுஞ் சொல்லும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. அது தராசு காட்டும் எண்ணோடு முடிவதன்று. தான் சரியெனக் கருதுவதற்கும் தான் செய்வதற்கும் இடையில் முரண்பாடின்றி வாழ்தல் நல்வாழ்வின் ஒரு கூறாகும். புலால் விலக்கியோர் பலர் அடையும் மனவமைதிக்கு உணவின் இரசாயனத்திலும் இவ்விணக்கமே பெரிதுங் காரணமாதல் கூடும். ஆனால் அவ்வமைதி எளிதிற் செருக்காக மாறவும் வல்லது. யாழ்ப்பாணச் சமூகத்திற் புலால் விலக்கல் காருணியத்தின் அடையாளமாக மாத்திரம் இருந்ததில்லை. உயர்வு தாழ்வு கற்பிக்கும் அளவுகோலாகவும் அது இருந்தது. கடற்றொழிலாளியின் வலையை இகழ்ந்த நாவுகள் பல சைவ நாவுகளே. 1968இல் மாவிட்டபுரங் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தபோது, உயிர்க்கொலைக்கு அஞ்சுவதாகக் கூறிய ஒரு சமூகத்தில் உயிருள்ள மனிதர் சிலருக்குக் கோயிற் கதவு அடைக்கப்பட்டிருந்ததை உலகங் கண்டது. திருக்குறளிற் புலான்மறுத்தல் அருளுடைமைக்கு அடுத்த அதிகாரமாக வைக்கப்பட்டுள்ளது. அருள் அகன்றபின் எஞ்சுவது தூய்மையன்று, வெறும் உணவுப் பழக்கமே. உடல் மெலிவதற்காகப் புலால் விலக்குபவன் விலங்கை மறந்தவனெனின், குல உயர்வுக்காக விலக்குபவன் மனிதனையும் மறந்தவனாவான்.

விலக்குதல் என்னுஞ் செயலுக்குத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் இன்றியமையாததென மேலே கூறப்பட்டது. இதனை இலங்கை மக்கள் 2022இற் கசப்போடு அறிந்தனர். அவ்வாண்டு செப்ரெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. மீனும் முட்டையும் பாற்மாவும் எண்ணற்ற அடுக்களைகளை விட்டு நீங்கின. பருப்பின் விலையும் எட்டாததாயிற்று. அந்நாட்களிற் பலரின் உடல் மெலிந்தது. அவர்களின் இலையில் மச்சமும் இருக்கவில்லை. ஆயினும் அதனை நல்வாழ்வென்று கூறுவார் எவருமிலர். அதனை அறமென்று போற்றுவோரும் இலர். அது இல்லாமையேயன்றி விலக்கலன்று. வளரும் பிள்ளைக்கு ஒரு முட்டை கிடைக்குமா என ஏங்கும் தாய்க்குப் புலால் மறுத்தலைப் போதிப்பவன், அறத்தைத் தவறான வாயிலிற் கொண்டு சென்று நிறுத்துகின்றான்.

இவ்வாறாயின் உடல்நலம் பற்றிய விஞ்ஞான அறிவுக்கு அறவியலில் இடமேயில்லையா? இடமுண்டு, ஆனால் அது பலரும் எண்ணும் இடமன்று. புலால் உண்ணலுக்கு ஆதரவாகக் கூறப்பட்டு வந்த வாதங்களுள் மிக வலிமையானது, அஃதின்றி மனிதன் நலமாக வாழ முடியாதென்பதே. தன்னுயிரைக் காத்தற்கு இன்றியமையாததாயின், பிறவுயிரைக் கொல்லுதலையும் பலர் பொறுத்துக்கொள்வர். மேலே கண்ட ஆய்வுகள் காட்டுவது இவ்வாதத்தின் வீழ்ச்சியையே. தக்க உணவைத் தெரிந்தெடுக்க வசதியுள்ளவன், பீ12 போன்ற குறைகளை நிரப்பிக்கொள்ளும் அறிவுள்ளவன், இறைச்சியின்றியும் நலமாக வாழலாம். சில துறைகளில் மேலும் நலமாக வாழலாம். அவ்வாறெனின் அவனது உணவில் எஞ்சி நிற்பது தேவையன்று, சுவையும் பழக்கமுமே. சுவைக்காக ஓர் உயிரைப் போக்கல் தகுமா என்ற வினா அப்போதுதான் மறைப்பெதுவுமின்றி அவன் முன் நிற்கின்றது. விஞ்ஞானம் அவ்வினாவுக்கு விடை கூறுவதில்லை. விடை கூறாது தப்பிச் செல்லும் வழியை அடைக்கின்றது. அவ்வசதி வாய்க்காத ஏழைக்கும், பிணியாளனுக்கும், வேறு தொழிலறியாத கடற்கரை மகனுக்கும் அவ்வழி அடைபடவில்லை. அவர்களை நோக்கி அவ்வினாவைக் கடுமையாகத் தொடுத்தல் நீதியுமன்று.

பயன் அறத்துக்குச் சான்றாகாது; அறத்துக்குக் குறுக்கே நிற்கும் சாட்டை அது அகற்றக்கூடும். இவ்வேறுபாட்டை மறந்து, மெலிந்த உடலைக் காட்டி அருளை நிறுவ முயல்வோர், உடல் மெலியாத நாளில் அருளையும் இழப்பர். தன் ஊனைப் பெருக்கும் பொருட்டுப் பிறிதின் ஊனை உண்பவன் அருளுடையவனாதல் எங்ஙனம் என்ற வினாவோடு வள்ளுவர் அவ்வதிகாரத்தைத் தொடங்குகின்றார். தன் ஊனைக் குறைக்கும் பொருட்டு மாத்திரம் அதனை விலக்குபவனை நோக்கியும் அதே வினாவை எழுப்பலாம். இருவரது கண்ணும் தத்தம் உடல்மீதே பதிந்திருக்கின்றன. கண்ணைச் சற்று உயர்த்திக் கட்டையிற் கட்டப்பட்டு நிற்கும் விலங்கையும், அதற்கப்பால் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதனையும் ஒருங்கே காண்பவனுக்கே புலால் மறுத்தல் அறமாகின்றது.